முதல் பிக்கெல்ஹௌபே: வாங்குமுன் உள்ளே பாருங்கள்

பளபளக்கும் பித்தளைக் கழுகு, உச்சியில் கூர்முனை, கரிய தோல். ஜெர்மானியப் படைவீரர்களின் பழைய தோல் தலைக்கவசமான பிக்கெல்ஹௌபேயைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் இந்த வெளித்தோற்றத்தில் மயங்கித்தான் பணத்தை எடுக்கிறார்கள். அனுபவப்பட்ட சேகரிப்பாளர் அதைக் கையில் வாங்கியதும் கவிழ்த்து உள்ளே பார்ப்பார். கழுகு எந்தத் துளையில் உட்கார்ந்திருக்கிறது, பக்கத்தில் பயன்படாத வேறு துளை உண்டா, உள்தோல் எந்த நூலால் தைக்கப்பட்டிருக்கிறது என்பதெல்லாம் உள்ளேதான் தெரியும். தோல் ஓடு, கழுகுத் தகடு, கூர்முனை ஆகிய மூன்றும் தொடக்கம் முதல் ஒன்றாகவே இருந்தவையா, அண்மையில் யாரோ கூட்டிச் சேர்த்தவையா என்ற கேள்விக்கு அங்கேதான் விடை இருக்கிறது. இந்தக் கட்டுரை அந்த விடையைப் படிக்கக் கற்றுக்கொள்வதைப் பற்றியது.

முதலில் காலவரிசை

பேச்சு வழக்கில் ‘பிக்கெல்ஹௌபே’ என்றாலும் படையின் ஏடுகளில் இதன் பெயர் வெறும் ‘ஹெல்ம்’தான். வட ஜெர்மன் அரசான பிரஷ்யாவின் மன்னர் நான்காம் ஃபிரெட்ரிக் வில்ஹெல்ம் 1842-இல் இதைத் தம் காலாட்படைக்கு அறிமுகப்படுத்தினார். முதல் வடிவம் உயரமானது. முன்விளிம்பு சதுரமாக வெட்டப்பட்டது. 1857-இல் உயரம் குறைந்தது. 1867-இல் முன்விளிம்பு வட்டமானது, கூர்முனையின் சிலுவை வடிவ அடித்தட்டு வட்டத் தட்டானது, பின்புறம் செங்குத்தாக ஓடிய உலோகப் பட்டையும் நீக்கப்பட்டது. பட்டை இல்லாத ஓடு தளர்ந்துபோனதால் 1871-இல் அதைத் திரும்ப வைத்தார்கள். 1887-இல் முன்விளிம்பின் உலோகக் கரை போய் 1891-இல் மீண்டும் வந்தது. அதே 1891-இல்தான் தாடைவாரை மாட்டும் சிறு பக்கக் குமிழ்களும் வந்தன. 1895 மாதிரி எடை குறைந்தது. பின்பட்டையில் திறந்து மூடும் காற்றுத் துளை அதற்கு உண்டு.

முதல் உலகப் போரில் பிரிட்டனின் கடல் முற்றுகையால் ஜெர்மனிக்கு வெளியிலிருந்து தோல் வருவது நின்றது. அதனால் கம்பளி நமுதா (ஃபெல்ட்), இரும்புத் தகடு, கார்க் போன்ற மாற்றுப் பொருள்களில் ‘எர்சாட்ஸ்’ ஓடுகள் செய்தார்கள். 1915-இல் வந்த மாதிரியில் பித்தளைக்குப் பதில் சாம்பல் நிற எஃகு. கூர்முனையைத் திருகிக் கழற்றலாம். 1916-இல் எஃகுத் தலைக்கவசம் வந்தபின் போர்முனையில் தோல் ஓட்டின் காலம் முடிந்தது.

தொடங்குபவருக்கு எங்கள் பரிந்துரை, சாதாரணப் படைவீரருக்கான பிரஷ்யக் காலாட்படை 1895 அல்லது 1915 மாதிரி. இவை லட்சக்கணக்கில் செய்யப்பட்டதால் ஒப்பிட்டுப் பார்க்க ஏராளமான துண்டுகள் கிடைக்கும். 1919-இல் அமெரிக்கா தன் போர்க்கடன் பத்திர விற்பனைக்காக ஜெர்மானியத் தலைக்கவசங்களை ஆயிரக்கணக்கில் கப்பலேற்றிக் கொண்டுபோய், நியூயார்க் கிராண்ட் சென்ட்ரல் நிலையத்துக்கு அருகே பிரமிடுபோல் அடுக்கியது. அமெரிக்கச் சந்தையில் வீரர் தலையில் ஏறாத புத்தம்புது 1915 மாதிரிகள் தென்பட அதுவும் ஒரு காரணம். ஆகவே 1915 மாதிரி புதிதாகத் தெரிந்தால் மட்டுமே அதைப் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

அதிகாரிகளுக்குரியது, மன்னரின் மெய்க்காவல் படைக்குரியது, ஜெர்மன் பேரரசில் அடங்கிய சிறு அரசுகளுடையது ஆகியவை முதல் ஆண்டில் வேண்டாம். விலை கூடக்கூடப் போலி செய்பவர் எடுத்துக்கொள்ளும் பாடும் கூடும்.

எந்த நாட்டுக் கவசம்?

கூர்முனை வைத்ததெல்லாம் ஜெர்மானியம் இல்லை. பிரிட்டிஷ் படை 1878 முதல் அணிந்தது கார்க் ஓட்டின்மேல் துணி போர்த்தியது. 1881-ஐச் சேர்ந்த அமெரிக்கக் கவசமும் உண்டு. சிலி நாட்டுப் படை இன்றும் அணிவகுப்பில் பிக்கெல்ஹௌபே அணிகிறது. இவையெல்லாம் ‘ஜெர்மன்’ என்ற பெயரில் விற்பனைக்கு வருவதுண்டு.

ஜெர்மானியம்தான் என்றால் எந்த அரசு என்பதை முகப்புத் தகடு சொல்லும். பிரஷ்யக் கழுகின் மார்பில் ‘எஃப் ஆர்’ என்ற மன்னர் முத்திரையும், ‘கடவுளின் துணையோடு மன்னருக்கும் தாய்நாட்டுக்கும்’ என்று பொருள்படும் வாசகப் பட்டையும் இருக்கும். பாடெனுக்குக் கிரிஃபின் என்ற சிறகுள்ள விலங்கு. சாக்சனிக்கு நட்சத்திரத்தின்மேல் அரசச் சின்னம். பவேரியத் தகட்டில் ‘இன் ட்ராய்யெ ஃபெஸ்ட்’ என்றும், வூர்ட்டெம்பெர்க் தகட்டில் ‘ஃபுர்ஹ்ட்லோஸ் உண்ட் ட்ரெவ்’ என்றும் எழுதியிருக்கும்.

அடுத்து இருபுறமும் தாடைவாருக்கு அடியில் உள்ள வண்ண வட்டுகள். ஜெர்மன் பெயர் ‘கோகார்டெ’. 1897-க்குமுன் அரசின் வட்டு ஒன்று மட்டுமே. அந்த ஆண்டு பேரரசின் கருப்பு, வெள்ளை, சிவப்பு வட்டு வலப்பக்கத்துக்கு வந்ததால் அரசின் வட்டு இடப்பக்கம் போனது. வலம் இடம் என்பது அணிந்தவருடைய வலம் இடம். எதிரே நின்று பார்ப்பவருக்கு மாறித் தெரியும், புதியவர்கள் இதில் தவறுவார்கள். இடப்பக்கம் பிரஷ்யாவுக்குக் கருப்பு-வெள்ளை-கருப்பு, பவேரியாவுக்கு வெள்ளை-நீலம்-வெள்ளை, சாக்சனிக்கு வெள்ளை-பச்சை-வெள்ளை, வூர்ட்டெம்பெர்க்குக் கருப்பு-சிவப்பு-கருப்பு, பாடெனுக்கு மஞ்சள்-சிவப்பு-மஞ்சள். பவேரியத் தகட்டின் பக்கத்தில் பிரஷ்ய வட்டு இருந்தால் யாரோ கைக்குக் கிடைத்ததை மாட்டியிருக்கிறார்கள். ஆனால் 1892 முத்திரையுள்ள ஓட்டில் இரண்டு வட்டுகள் இருப்பது தவறில்லை. கிடங்கிலிருந்த பழைய ஓடுகளை 1897-க்குப் பிறகும் திருத்திப் பயன்படுத்தினார்கள்.

உச்சியில் கூர்முனைக்குப் பதில் உருண்டை இருந்தால் அது பீரங்கிப் படை. டிரகூன் குதிரைப்படைக்குச் சதுர முன்விளிம்பும் சிலுவை அடித்தட்டும் பிற்காலம்வரை தொடர்ந்தன. சதுரத்தைப் பார்த்ததும் ‘மிகப் பழசு’ என்று விற்பவர் சொல்வதை அப்படியே நம்பக்கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறோம்.

கவிழ்த்துப் பார்க்கும் முறை

தேவையானவை: சிறு டார்ச், 10 மடங்கு பெருக்கும் லென்ஸ், சின்னக் காந்தம், 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச், பருத்திக் கையுறை. கூர்முனையைப் பிடித்தோ விளிம்பைப் பிடித்தோ தூக்காதீர்கள். விளிம்பு ஓட்டோடு ஒரே ஒரு வரிசைத் தையலில் நிற்கிறது. நூறாண்டு நூல் அந்த எடையைத் தாங்காது. இரு உள்ளங்கைகளையும் ஓட்டின் அடியில் கொடுத்து ஏந்துங்கள்.

துளைகளில் தொடங்குங்கள். வீரர்களின் தகட்டுக்குப் பின்னால் இரண்டு உலோகக் காதுகள் இருக்கும். அவை ஓட்டின் இரு துளைகள் வழியே உள்ளே வரும். சிறு தோல் ஆப்பு அவற்றை இறுக்கிப் பிடிக்கும். அதிகாரிகளின் தகட்டில் காதுக்குப் பதில் மரையுள்ள தண்டும் நட்டும் இருக்கும். தகட்டுக்குத் தகடு காதுகளின் இடைவெளி மாறுவதால், வேறொரு தகட்டைப் பொருத்துபவர் புதுத் துளை போட்டாக வேண்டும். ஆகவே உள்தோலை மெல்ல விலக்கிப் பார்க்கையில் முன்புறம் இரண்டு துளைகள் மட்டும் இருந்தால் நல்லது. மூன்றோ நான்கோ இருந்தால் தகடு மாறியிருக்கிறது. அடைத்து மறைத்த துளை டார்ச்சை வெளியே பிடித்து உள்ளிருந்து பார்க்கும்போது சில சமயம் ஒளிக்கசிவாகத் தெரியும். ஒரே ஒரு விலக்கு: படையே அதிகாரபூர்வமாகத் தகட்டை மாற்றியதும் உண்டு. அப்போது பழைய துளையின் ஓரமும் புதிய துளையின் ஓரமும் ஒரே அளவு கறுத்து மழுங்கியிருக்கும். அண்மையில் போட்ட துளையின் ஓரத்தில் தோல் வெளிர்பழுப்பாக, நார் தெரிய இருக்கும்.

தகட்டைக் கழற்ற உரிமையாளர் அனுமதித்தால் அடியில் உள்ள வார்னிஷைப் பாருங்கள். பல பத்தாண்டுகள் கழுகு மூடியிருந்த இடம் சுற்றியுள்ள பரப்பைவிடக் கறுத்து, பளபளப்பாக, கழுகின் நிழல்போலவே இருக்கும். சிறகின் நுனி இடித்த இடத்தில் நுண்ணிய தழும்பும் இருக்கும். நிழல் ஒரு வடிவம், தகடு வேறு வடிவம் என்றால் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை. மொத்தப் பரப்பும் ஒரே மாதிரி மினுங்கினால் ஓட்டுக்குப் புது வார்னிஷ் அடித்திருக்கிறார்கள்.

தகட்டின் பின்புறம் அடுத்தது. அசல் தகடு மெல்லிய உலோகத்தை அச்சில் அழுத்திச் செய்தது. முன்னால் மேடாக இருப்பது பின்னால் பள்ளமாகத் தெரியும். வார்ப்புப் போலி கனமாக, பின்புறம் சமதளமாக, இறகுக் கோடுகள் மழுங்கி இருக்கும். காது ஒட்டிய இடத்தில் வெள்ளியாக மினுக்கும் ஈயப்பற்று வழிந்திருந்தால் அது பிற்கால வேலை. காந்தம் இங்கே உதவும்: 1895 மாதிரியின் பித்தளைத் தகட்டில் அது ஒட்டக்கூடாது, 1915 மாதிரியின் சாம்பல் தகட்டில் ஒட்ட வேண்டும். பித்தளை முலாம் பூசிய இரும்பைத் தள்ள இதைவிட எளிய சோதனை இல்லை.

அதிகாரியின் கவசம் என்று விற்கிறார்களா? மூன்றைப் பாருங்கள். அடித்தட்டில் சாதாரணக் குமிழ் ஆணிக்குப் பதில் நட்சத்திர ஆணி, கழுகின் கிரீடத்தில் வளைவுகளுக்கிடையே வெட்டி எடுத்த திறப்பு, உள்ளே தோல் பட்டையும் பட்டு உறையும். முன்விளிம்பின் அடிப்புறம் பச்சையாகவும் பின்விளிம்பின் அடிப்புறம் சிவப்பாகவும் இருக்கும். பச்சை சிவப்பைப் பார்த்து மட்டும் முடிவெடுக்காதீர்கள்: ஓராண்டு மட்டும் படைப்பணி செய்த தன்னார்வலர்கள் சொந்தக் காசில் வாங்கிய உயர்தரக் கவசங்களிலும் இது உண்டு.

வீரர்களின் உள்தோல் பல நாக்குகளாகப் பிரிந்து, நுனித் துளைகளில் கயிறு கோத்துச் சுருக்கும் வகை. வியர்வை பட்ட நெற்றிப் பகுதி கறுத்தும் பின்பகுதி வெளிறியும் இருந்தால் இயல்பு. எல்லாப் பக்கமும் ஒரே பழுப்பாக இருந்தால் தேயிலைச் சாறோ சாயமோ பட்டிருக்கலாம். புற ஊதா ஒளியில் தையல் நூல் நீலவெள்ளையாக மின்னினால் அந்த நூல் பிற்காலத்தது. தளர்ந்த விளிம்பை மறுபடி தைப்பது ஏற்கத்தக்க பழுதுபார்ப்புதான், ஆனால் விலை அதற்கேற்பக் குறைய வேண்டும்.

கடைசியாக முத்திரைகள். ஓட்டின் உள்ளே அல்லது பின்விளிம்பின் அடியில் தயாரிப்பாளர் பெயர், ஆண்டு, தலை அளவு, படைப்பிரிவின் சுருக்கம் இருக்கலாம். ‘பி.ஏ.’ என்ற இரு எழுத்து ‘பெக்லைடுங்ஸ்ஆம்ட்’ என்ற உடைக் கிடங்கைக் குறிக்கும். அடுத்து ரோம எண்ணில் படைத்தொகுதி, பிறகு ஆண்டு. முத்திரை தோலுக்குள் அழுந்தி, வார்னிஷோடு சேர்ந்து தேய்ந்திருக்க வேண்டும். வார்னிஷ் விரிசல்களின் மேல் கூர்மையாக உட்கார்ந்திருக்கும் முத்திரை விரிசலுக்குப் பின்னால் வந்தது. முத்திரையே இல்லாத நல்ல கவசங்களும் உண்டு, குறிப்பாகச் சொந்தக் காசில் வாங்கியவை. ஆகவே முத்திரை இல்லாததைக் குற்றமாக எண்ண வேண்டாம், பொய் முத்திரைக்கு மட்டும் அஞ்சுங்கள்.

இணையத்தில் வாங்கும்போது

விற்பவரிடம் கேட்க வேண்டிய படங்கள்: நான்கு பக்கம், மேலிருந்து, உள்ளிருந்து, உள்தோலை விலக்கி முன்புறத் துளைகள், தகட்டின் பின்பக்கம், கூர்முனை அடித்தட்டின் ஆணிகள் உள்ளே பிரிந்து மடிந்திருக்கும் இடம், இரு வட்டுகள், இரு விளிம்புகளின் அடிப்புறம், முத்திரை. துளைகளின் படத்தைத் தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள். இதில் சமரசம் வேண்டாம்.

ஜெர்மன் ஏல விவரங்களில் சில சொற்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ‘மன்ஷாஃப்டன்’ என்றால் சாதாரண வீரர்களுக்குரியது. ‘ஐகன்டும்ஸ்ஹெல்ம்’ சொந்தக் காசில் வாங்கியது. ‘கம்மர்ஷ்டூக்’ படைக் கிடங்கிலிருந்து வழங்கப்பட்டது. ‘எர்கென்ட்ஸ்ட்’ என்று கண்டால் ஏதோ உறுப்பு பிற்காலத்தில் சேர்க்கப்பட்டது என்று பொருள். எது என்று எழுதிக் கேளுங்கள். ‘சம்லர்அன்ஃபெர்டிகுங்’ என்பதுதான் பலரை ஏமாற்றும் சொல். ‘சேகரிப்பாளருக்காகச் செய்தது’ என்ற பொருளில் அது இனிமையாக ஒலித்தாலும் குறிப்பது புது நகலைத்தான். ‘ட்சூஷ்டண்ட்’ என்பதன் பக்கத்திலுள்ள எண் நிலைமையைச் சொல்லும்; எண் சிறியதானால் நிலைமை நல்லது. ஏலத்தொகைக்கு மேல் ஏல நிறுவனம் வாங்குபவரிடம் 20 முதல் 25 சதவீதமோ அதற்கும் மேலோ கட்டணம் வாங்குவது வழக்கம் என்பதால், உங்கள் உச்சவரம்பை அதைக் கழித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. அலங்காரத்துக்கான பிக்கெல்ஹௌபே நகல்கள் இந்தியாவிலேயே செய்யப்பட்டு உலகமெங்கும் போகின்றன. நகல் என்று சொல்லி விற்பதில் தவறே இல்லை. வேறொரு நாட்டுக்குப் போய்ப் பத்து ஆண்டு தூசி படிந்து ‘தாத்தா கொண்டுவந்தது’ என்ற கதையோடு திரும்பும்போதுதான் சிக்கல். அடையாளங்கள்: ஓடு ஒரே துண்டாக இல்லாமல் பக்கவாட்டில் இணைந்திருப்பது, முழுவதும் பித்தளையால் ஆன ஓடு, உள்ளே ஒரே தோல் வட்டமும் தடித்த வெள்ளை நூலும், எல்லாக் குமிழ்களும் ஒரே அச்சில் வார்த்தவையாக இருப்பது.

துணி உறை தனியாக விற்பனைக்கு வந்தால் இன்னும் கவனம். 1892-இல் அறிமுகமான இந்த ‘யூபர்ட்சூக்’ உறையில் படைப்பிரிவு எண் முதலில் சிவப்பு. 1914-இல் அது பச்சையானது. 1916-இல் எண்ணையே நீக்கினார்கள். முன்னால் ‘ஆர்’ இருந்தால் ரிசர்வ், ‘எல்’ இருந்தால் லாண்ட்வேர் என்ற மூத்த வயதினரின் துணைப்படை. துணி மலிவு, எழுத்து ஒட்டுவது எளிது என்பதால் போலிகள் குவிந்து கிடக்கும் பொருள் இது. முதல் சில ஆண்டுகள் உறையே வாங்காமல் இருப்பது நல்லது.

சுங்கத்தில் நூறாண்டைக் கடந்த பழம்பொருள்களுக்குரிய தலைப்பு 9706. முதல் உலகப் போர்க் கவசங்கள் அந்த வயதைத் தாண்டிவிட்டன. ரசீதில் ‘தலைக்கவசம்’ என்று மட்டும் எழுதாமல் தயாரித்த ஆண்டு, நூறாண்டுக்கு மேற்பட்டது என்ற குறிப்பு, தோலும் பித்தளையும் என்ற விவரம் ஆகியவற்றைச் சேர்க்கச் சொல்லுங்கள். வரி எவ்வளவு என்பதை அனுப்பச் சொல்வதற்குமுன் சுங்க முகவரிடம் கேட்டுவிடுங்கள். பொதியலில், கழலும் கூர்முனையைக் கழற்றித் தனியாகச் சுற்ற வேண்டும், ஓட்டின் உள்ளே அமிலமற்ற தாள் உருண்டைகள், பெட்டிக்குள் பெட்டி. கூர்முனையோடு ஒற்றைப் பெட்டியில் வந்தால் மேலிருந்து விழும் சுமை முழுவதும் அந்த முனை வழியே ஓட்டின் உச்சிக்கு இறங்கி, தோல் குழிந்துவிடும்.

வீட்டுக்கு வந்தபின்

வந்த பொருளை மற்ற தோல் பொருள்களோடு உடனே சேர்க்காதீர்கள். மூன்று நான்கு வாரம் மூடிய பெட்டியில் தனியாக வைத்து, பூச்சித் துகளோ பூஞ்சணமோ தெரிகிறதா என்று பாருங்கள்.

பித்தளை மங்கலாக இருக்கிறது என்று கை பரபரக்கும். புளி, எலுமிச்சை, விளக்கு துலக்கும் பொடி எதுவும் வேண்டாம். குத்துவிளக்குக்கு நல்லது இதற்கு ஆகாது: நூறாண்டுத் தேய்மானமும் அதிகாரி தகட்டின் தங்க முலாமும் ஒரே தேய்ப்பில் போய்விடும், தகட்டின் ஓரத்தில் தங்கும் அமிலம் தோலை அரிக்கும். தோலைத் தொடும் பித்தளையின் ஓரத்தில் பச்சைக் களிம்பு பூத்திருந்தால், அது தோலிலுள்ள கொழுப்பும் செம்பும் சேர்ந்து உண்டானது. மூங்கில் குச்சியின் நுனியால் உலர்வாகவே சுரண்டி, மென்தூரிகையால் துடைத்தால் போதும்.

தோலுக்கு எண்ணெய் பூசுவது இன்னொரு பெருந்தவறு. எண்ணெய் ஓட்டை இளக்கும், தூசியை இழுக்கும், அந்தப் பச்சைக் களிம்புக்குத் தீனியும் போடும். ஓட்டின் கறுப்பு வார்னிஷ் அரக்குச் சேர்ந்ததாக இருக்கலாம் என்பதால் ஸ்பிரிட்டோ சானிட்டைசரோ பட்டால் கரையும். கோணிய ஓட்டை நனைத்து நிமிர்த்தலாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். இந்த ஓடு ஈரத்தோலை அச்சில் ஏற்றி உலர்த்திச் செய்தது, மறுபடி நனைத்தால் அந்த வடிவத்தையே இழக்கும். தொட்டால் செம்பொடி உதிரும் அளவுக்குத் தோல் நைந்திருந்தால் பயிற்சி பெற்ற பாதுகாப்பு வல்லுநரிடம் கொடுங்கள்.

சென்னை, கொழும்பு, சிங்கப்பூர் போன்ற கடலோர ஊர்களில் முதல் எதிரி காற்றின் ஈரம். ஒப்பு ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள் நிலையாக இருக்க வேண்டும். நன்றாக மூடும் கண்ணாடிப் பெட்டி, அதற்குள் சிலிக்கா ஜெல், ஒரு சிறு ஈரமானி. ஏசியைப் பகலில் அணைத்து இரவில் போடும் அறை ஆகாது: தோலும் வார்னிஷும் வெவ்வேறு அளவில் சுருங்கி விரிவதால் வார்னிஷில் முதலைத் தோல்போல் வெடிப்பு விழும். வெளிச்சம் 50 லக்ஸ் போதும். நாப்தலின் உருண்டை வைக்காதீர்கள், அதன் ஆவி பழைய வார்னிஷை இளக்கக்கூடும். தாடைவாரை இழுத்து மாட்டி வைக்காமல் தளர்வாக விடுங்கள். ஓட்டின் உள்வடிவத்துக்கு ஏற்ப அமிலமற்ற தாளால் மெத்தை செய்து, எடை உச்சியில் தாங்கும்படி, விளிம்புகள் எதையும் தொடாதபடி நிறுத்துங்கள்.

அசல் எப்படி இருக்கும் என்று கண் பழக வேண்டுமானால், ஜெர்மனிக்குப் போகும் வாய்ப்புள்ளவர்கள் இங்கோல்ஷ்டாட்டில் உள்ள பவேரியப் படை அருங்காட்சியகத்தையும் ராஷ்டாட், டிரெஸ்டன் நகரங்களின் படை வரலாற்று அருங்காட்சியகங்களையும் பார்க்கலாம். பாரிஸ் படை அருங்காட்சியகத்திலும் நல்ல துண்டுகள் உண்டு.

வாங்கிய நாளிலேயே ஒரு தாளில் எழுதுங்கள்: யாரிடமிருந்து, எவ்வளவுக்கு, எந்த முத்திரை, துளைகள் எத்தனை, எந்த உறுப்பு மாற்றப்பட்டது என்று தெரிந்தது. பின்னர் நீங்களே ஒரு வட்டையோ தாடைவாரையோ மாற்றினால் அதையும் நாளோடு சேர்த்து எழுதி, பழையதை உறையில் போட்டு அந்தத் தாளோடு வையுங்கள். அந்தத் தாளைக் கவசத்துக்குள் செருகாமல் தனிக் கோப்பில் வைக்க வேண்டும், ஏனென்றால் சாதாரணத் தாளின் அமிலமும் மையும் உள்தோலில் இறங்கும்.